கோல் கம்பத்துக்கு நடுவே ஒரு பத்து வயதுப் பையன்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. பந்தோடு ஓட வேண்டும் என்ற ஆசையில்தான் கால்பந்துப் பயிற்சியில் சேர்ந்தான். மற்றவர்களைவிட உயரம் என்பதால், மூன்று மாதங்களாகப் பயிற்சியாளர் அவனையே கோல்கீப்பராக நிறுத்துகிறார். தோற்ற நாளில் பையன்கள் “உன்னாலதான்” என்கிறார்கள். சனிக்கிழமை வந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். “கொடுத்த இடத்தில் நிற்கப் பழகட்டும்” என்கிறார் கணவர். நான் தலையிடலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தலையிடலாம், ஆனால் மைதானத்தின் ஓரத்தில், மற்றப் பெற்றோர் பார்க்கும்படி வேண்டாம். பயிற்சி முடிந்த பிறகு பயிற்சியாளரைத் தனியே சந்தித்து, “என் மகனை மாற்றுங்கள்” என்று கேட்காமல், “எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து நிற்கட்டும்” என்று கேளுங்கள். உங்கள் மகனை மட்டும் விலக்கினால் விருப்பமில்லாத இன்னொரு பிள்ளை அங்கே போய் நிற்கும்; அடுத்த மாதம் அவனுடைய அம்மா எனக்கு எழுதுவார். ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தில், நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, களத்தில் உள்ள எவரும் கோல்கீப்பருடன் இடம் மாறிக்கொள்ளலாம் என்று விதியே அனுமதிக்கிறது. ஆகவே முற்பாதிக்கு ஒருவர், பிற்பாதிக்கு ஒருவர் என்று நிறுத்துவது பெரிய சிரமமன்று.

அதற்கு முன், அவன் எதை வெறுக்கிறான் என்று கேட்டறியுங்கள். பந்து முகத்தில் படும் பயமா, சும்மா நிற்கும் சலிப்பா, பழிச்சொல்லா? பயத்துக்குப் பயிற்சி உண்டு: கட்டைவிரல்களை அருகருகே வைத்துப் பந்தைப் பிடிப்பதையும், பக்கவாட்டில் விழுவதையும் சொல்லித் தராமல் ஒரு சிறுவனைக் கம்பத்துக்கு நடுவே நிறுத்துவது தவறு. சலிப்புக்கு முறைமாற்றமே மருந்து. உங்கள் கடிதத்தைப் படித்தால் அவனை வாட்டுவது பழிச்சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்களுக்கான கோல் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்டது. பல மைதானங்களில் சிறுவர்களும் அதிலேயே ஆடுகிறார்கள். எவ்வளவு உயரமான பத்து வயதுப் பையனும் கையைத் தூக்கி நின்றால் மேல்கம்பத்தைத் தொட முடியாது. தலைக்கு மேலே போன பந்து அவன் பிழையன்று என்பதையும், அவனிடம் வருவதற்கு முன் அது மற்ற எல்லாரையும் கடந்தே வந்தது என்பதையும் பயிற்சியாளரே அணியினர் முன் சொல்ல வேண்டும். இதை நீங்கள் வற்புறுத்தியே கேட்கலாம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை உங்கள் கணவர் உதாரணம் காட்டக்கூடும். அவர் ராணுவத்தில் சேர்ந்தபோது, முன்வரிசையில் நின்று கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, பிறகே கோல்கீப்பரானவர்; ஓடி ஆடும் ஆசையைத் தீர்த்துக்கொண்ட பிறகு அங்கே வந்தார். உங்கள் மகனுக்கு அந்த வாய்ப்பே இன்னும் கிடைக்கவில்லை.

பயிற்சியாளர் மறுத்தால், ஒப்புக்கொண்ட போட்டித்தொடரை அவன் முடிக்கட்டும். பாதியில் நிறுத்தினால் அந்தப் பழியும் அவன்மேல் விழும். தொடர் முடிந்ததும் வேறு பயிற்சி இடம் தேடுங்கள். வயிற்றுவலி மற்ற நாள்களிலும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.