ஹார்மோன் ஊசிக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறுகிறது: ஸ்டெம் செல் சிகிச்சை உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. ஹார்மோன் ஊசியில் இரண்டு வருடம் நன்றாக இருந்தார். இப்போது ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் செல்கள் வெளியிடும் ஒரு புரதம்) தொடர்ந்து ஏறுகிறது. ஸ்டெம் செல்தான் காரணம் என்று படித்தேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று ஒரு கிளினிக்கில் பல லட்சம் கேட்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். செய்யலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். புரோஸ்டேட் புற்றுநோயைக் குணமாக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று நிரூபிக்கப்பட்ட எதுவும் உலகில் எங்கும் இல்லை.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனை நம்பி வளர்கிறது என்பதை 1941-இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆண் ஹார்மோனை அடக்க அப்பாவுக்குப் போடும் ஊசியின் அடிப்படை அதுதான். ஆனால் கட்டியில் உள்ள எல்லா செல்களும் அந்த ஹார்மோனைச் சார்ந்தவை அல்ல. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் எலியின் புரோஸ்டேட் சுருங்குகிறது. திரும்பக் கொடுத்தால் முழு அளவுக்கு வளர்கிறது. ஹார்மோன் இல்லாமலும் பிழைத்திருந்து, சுரப்பியை மறுபடி கட்டியெழுப்பும் செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், உள்ளே இருப்பதற்கு இது சான்று. இதே இயல்புள்ள செல்களைப் புற்றுக்கட்டியிலும் 2005-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அவை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுதான். மெதுவாகப் பிரிவதால், வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் கீமோ மருந்துக்கும் எளிதில் அகப்படுவதில்லை. கோரைப்புல்லை மேலே அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மீண்டும் முளைக்குமே, அதுபோல.

எனினும் பழி முழுவதையும் இந்தச் செல்கள்மேல் போட முடியாது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி பெருகுவது, அதன் வடிவம் மாறுவது, கட்டி தானே ஹார்மோனைத் தயாரித்துக்கொள்வது ஆகியவையும் காரணங்கள். புற்று சுரப்பியின் எந்தச் செல் அடுக்கில் தொடங்குகிறது என்பதிலேயே ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கட்டிக்குள் இருக்கும் இந்தச் செல்களை அழிக்கத்தான் ஆராய்ச்சி நடக்கிறது. வெளியிலிருந்து வேறு ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் அவை எப்படி அழியும்? அந்தக் கிளினிக்கில் இதைக் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: "இது ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன?" இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்குவது முறையல்ல. நோயாளியின் பயத்தை லட்சங்களாக மாற்றுபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்பாவுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. முதலில் ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனின் அளவைப் பாருங்கள். அது 50 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டருக்கு) இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால்தான் ஊசிக்கு நோய் கட்டுப்படவில்லை என்று பொருள். அப்போதும் ஊசியை நிறுத்தக் கூடாது. அபிராட்டெரோன் அல்லது என்சலூட்டமைடு மாத்திரை, டோசிடாக்ஸெல் கீமோ ஆகியவற்றில் ஏற்றதைப் புற்றுநோய் மருத்துவர் சேர்ப்பார். பி.ஆர்.சி.ஏ. (செல்லில் சேதமான டி.என்.ஏ.வைச் சரிசெய்ய உதவும் மரபணு) பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரைக்கு வாய்ப்பு உண்டு.

சென்னையில் இருக்கிறீர்கள் என்பது பெரிய வசதி. 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ இரண்டாவது கருத்து கேட்கலாம். பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன்கள், பி.எஸ்.ஏ. முடிவுகள் அனைத்தையும் தேதி வரிசைப்படி எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு பொருந்துமா என்று அங்கேயே விசாரியுங்கள்.

அதுவரை ஒரு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். புதிதாக முதுகுவலி வந்து, கால்கள் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.