கணக்குப் படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியிருக்கும் என் மகள் பி.எஸ்சி. கணிதம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடத்துக்கு ஃபீஸ் 1.8 லட்சம், ஹாஸ்டல் 2.2 லட்சம், ஆக 4 லட்சம் என்கிறார்கள். பாங்குக் கடன் கிடைக்குமாம். ஆனால் கணக்குப் படித்த எங்கள் தெருப் பெண் மெட்ரிக் பள்ளியில் 14 ஆயிரத்துக்குத்தான் வேலை பார்க்கிறாள். ‘கல்யாணமாகிப் போய்விட்டால் கடனை யார் கட்டுவது?’ என்கிறார் மச்சான். ராமானுஜன் பிறந்த கொங்கு மண்ணில் கணக்குக்கு இவ்வளவுதான் மதிப்பா?
– ஒரு விசைத்தறிக்காரர், சோமனூர்

பதில்: ராமானுஜனை விட்டுவிடுங்கள், பாவம். 1887-இல் ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தார், அவ்வளவுதான். வளர்ந்ததெல்லாம் கும்பகோணம். கணக்கு தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தார். பட்டம் இல்லாமலே 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் ஆனார். மறுவருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்த பிறகுதான் நிம்மதியாகக் கணக்குப் போட்டார். மண்ணுக்கு இதில் வேலையே இல்லை. மகளை இங்கிலீஷ் பேப்பரையும் ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள், போதும்.

நீங்கள் தறிக்காரர். புதுத் தறி போடக் கடன் வாங்கினால் மீட்டருக்கு என்ன கூலி, மாதம் எத்தனை மீட்டர் ஓடும், கரண்டு பில் போக என்ன நிற்கும் என்று விரல் விட்டு எண்ணாமலா கையெழுத்துப் போடுவீர்கள்? அந்தக் கணக்கு மகள் விஷயத்தில் எங்கே போனது? சரி, நாமே போடுவோம்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் மூன்று வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்காது. தனி வட்டியாகவே போட்டாலும், மூன்று வருடமும் சமமாகப் பிரித்து வாங்கிய 4 லட்சம் தவணை தொடங்கும் அன்று 5.2 லட்சமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,600 ரூபாய். உங்கள் தெருப் பெண்ணின் சம்பளத்தில் அது போனால் மிச்சம் 5,400. 15 வருடத்துக்கு இழுத்தால் தவணை 5,600 ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 10 லட்சம் போயிருக்கும். வட்டி மானியம் வருமே என்று யாராவது சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரியுங்கள். வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான மத்திய அரசின் முழு வட்டி மானியம் தொழிற்படிப்புகளுக்கானது. பி.எஸ்சி. கணிதம் அதில் சேராது.

இனி அந்த 4 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சோற்றுக்கும் கட்டிலுக்கும்! சோமனூரில் ரயில் நிற்கிறது, பஸ் ஓடுகிறது. திருப்பூரில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, சிக்கண்ணா அரசுக் கல்லூரி இருக்கிறது. கோவை அரசு கலைக் கல்லூரியும் எட்டாத தூரமில்லை. அங்கே கட்டணம் ஆயிரங்களோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு; மூன்று வருடத்தில் 36 ஆயிரம். பளபளக்கும் கட்டடத்தில் படித்தாலும் ஓட்டுக் கட்டடத்தில் படித்தாலும் தொகையீடு (இன்டெக்ரேஷன் கணக்கு) தொகையீடுதான்.

கணக்கில் வருமானம் முதல் பட்டத்தில் வருவதில்லை, அடுத்த படியில்தான். பி.எட். இரண்டு வருடம் முடித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்விலும் வென்றால் அரசுப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400-இல் தொடங்குகிறது. ஆனால் இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. புள்ளியியல் பக்கம் போனால் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வேண்டிய ஆக்சுவரி படிப்பு, அதாவது ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பிரீமியம் நிர்ணயிக்கும் படிப்பு இருக்கிறது. தேர்வுகள் எலும்பை முறிக்கும், சம்பளம் அதற்கு ஈடு செய்யும். கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் அந்தப் படிக்கு வாங்குங்கள். அதுவரை உங்கள் கடன் தகுதியைப் பத்திரமாக வையுங்கள்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. கல்விக்கடன் மகள் பெயரில், நீங்கள் கூட்டுக் கடன்தாரர். மாப்பிள்ளை யார் என்று பாங்கு கேட்காது. கல்யாணச் சீருக்கு வாங்கும் கடனை யார் கட்டுவது என்று அவர் இதுவரை யாரிடமாவது கேட்டிருக்கிறாரா? விசாரித்துச் சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்ததும் அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுங்கள். ரேங்க் லிஸ்ட் வரும்வரை அந்தத் தனியார் கல்லூரிக்காரர் ‘சீட் போயிடுமுங்க’ என்று எத்தனை போன் செய்தாலும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அப்புறம், மேலே நான் போட்ட வட்டிக் கணக்கை மகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பைசா சுத்தமாகப் பார்த்தால் நான் சில பத்து ரூபாய்களை விட்டிருக்கிறேன், அவள் கண்டுபிடிப்பாள்.