பொது வளவை யார் பெருக்குவது? – வாசகர் கேள்வி பதில்

மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றித் தரும் மென்பொருளே கம்பைலர். மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கம்பைலர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், கம்பைலரை உருவாக்குவோருக்கான ஆவணங்கள் குறித்த ஐந்தை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். சிறிய கணினி மொழி ஒன்றை வடிவமைத்து, அதற்கு எல்எல்விஎம் என்ற திறமூலக் கட்டமைப்பின் துணையோடு கம்பைலர் எழுத முயன்றேன். இணையத்தில் கிடைத்த பாடத்தை வரிக்கு வரி பின்பற்றியும், பாயிண்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மதிப்பு) வருகிற இடங்களில் எல்லாம் பிழை காட்டுகிறது. தவறு என்னுடையதா, பாடத்தினுடையதா?
– மாணவி, காரைக்குடி

பதில்: தவறு உங்களுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாடத்தை எழுதியவரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் எழுதிய நாளில் அது சரியாகவே இருந்திருக்கும். மூல நிரலுக்கும் இயந்திர மொழிக்கும் நடுவே நிற்கும் எல்எல்விஎம்மின் இடைநிலை மொழியில் முன்பெல்லாம் ஒவ்வொரு பாயிண்டரும் தான் எந்த வகைத் தரவைச் சுட்டுகிறது என்பதையும் தன்னுடனே சுமந்து வந்தது. 32 பிட் முழு எண்ணைச் சுட்டினால் 'ஐ32' என்று எழுதி அருகில் நட்சத்திரக் குறி இடுவார்கள். இந்தச் சுமையால் பெரிய பயன் இல்லை, ஒரு வகைப் பாயிண்டரை இன்னொரு வகையாக மாற்றி எழுதும் வெற்று வேலைதான் பெருகுகிறது என்று கண்டபின், எல்லாப் பாயிண்டருக்கும் 'பிடிஆர்' என்ற ஒரே வகை போதும் என முடிவெடுத்தார்கள். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அதுவே இயல்புநிலை ஆயிற்று. 2023-இல் வந்த 17-ஆம் பதிப்பில் பழைய முறை முற்றிலும் நீங்கியது. ஆகவே நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்கும் கட்டளையை உருவாக்கும்போது அதன் வகையை இப்போது நீங்களே தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய பாடங்கள் அதைப் பாயிண்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டன. உங்கள் நிரல் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

முதலில் 'எல்எல்விஎம்-கான்ஃபிக்' என்ற கருவியைக் கொண்டு உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பின் எண்ணைப் பாருங்கள். அதன்பின் அதே எண்ணுக்குரிய அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறங்கள். திட்டத்தின் முதன்மைத் தளத்தில் பளிச்சென்று தெரியும் பக்கங்கள் இன்னும் வெளியாகாத, உருவாக்கத்தில் இருக்கும் பதிப்புக்கு உரியவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியாகிற திட்டத்தில், உங்கள் லினக்ஸ் கொடுத்த பதிப்பு இரண்டு மூன்று படி பின்னே இருப்பது சாதாரணம். வெளியான ஒவ்வொரு பதிப்பின் ஆவணமும் தனித்தனியே காக்கப்பட்டுள்ளது. பாயிண்டர் மாற்றம் ஏன் நடந்தது, பழைய நிரலை எப்படித் திருத்துவது என்பதற்கென்றே ஒரு பக்கமும் உண்டு.

பாடம் வேண்டுமானால், அத்திட்டமே வைத்திருக்கும் 'கலைடோஸ்கோப்' பாடத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதன் நிரல் கம்பைலரின் மூல நிரலோடு ஒரே ரெப்போவில் (நிரல் சேமிப்பகத்தில்), எடுத்துக்காட்டுகளுக்கான அடைவில் இருக்கிறது. ஆகையால் கம்பைலரின் உறுப்புகளை மாற்றுகிறவர் அதையும் மாற்றியாக வேண்டியிருக்கிறது. வெளியாள் ஒருவர் எழுதிய பாடத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். என் பேரன் ஒரு கம்பைலர் திட்டத்தில் பங்காற்றுகிறான். "நிரலைப் படித்தாலே எல்லாம் விளங்கும் ஐயா, தனியாக எழுத ஒன்றுமில்லை" என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான்தான் பழைய ஆளாகிவிட்டேனா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நாளன்றைய வரவு செலவைக் குறிப்பில் எழுதி, அதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றி, முடிவில் ஐந்தொகை போடும் வழக்கத்தில் வளர்ந்த தங்களுக்கு இந்த ஐயம் எழாவிட்டால்தான் வியப்பு. பேரேட்டில் தொகை இருக்கும். அந்தத் தொகையை ஏன் தள்ளுபடி செய்தோம் என்பது பக்கத்தில் ஒரு வரி எழுதினால் ஒழிய இருக்காது. கொண்டு விற்கப் போன ஊர்களில் கணக்குக் காலம் முடிந்து திரும்பும் மேலாள், புதிதாக வந்தவரிடம் கடையை ஒப்படைக்கும்போது அந்த ஒரு வரியின் அருமை தெரிந்திருக்கும்.

கம்பைலரிலும் அதே நிலைதான். ஓர் எடுத்துக்காட்டைப் பேரனிடம் காட்டுங்கள். ஒன்றோடு ஓர் எண்ணைக் கூட்டி, அதே எண்ணைக் கழித்தால் ஒன்றுதான் மிஞ்சும் என்பது பள்ளிக் கணக்கு. எனவே கம்பைலர் இரண்டு செயல்களையும் நீக்கிவிடலாம் என்று தோன்றும். முழு எண்களில் நீக்கலாம். குறிப்பிட்ட அளவு இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி எண்களில் நீக்கக்கூடாது. ஒன்றோடு 10-இன் 20-ஆம் அடுக்கைக் கூட்டினால், வழக்கமான 64 பிட் அளவில் அந்த ஒன்று பதியவே இடமின்றி மறைந்துபோகும். பிறகு கழித்தால் விடை சுழியம். அந்தச் சுழியமே விதிப்படி சரியான விடை. கம்பைலர் ஒன்று என்று 'திருத்தித்' தரக்கூடாது. இதை அறிந்தவர் நிரலில், 'மிதவைப் புள்ளியானால் தொடாதே' என்று ஒரு நிபந்தனை மட்டும் எழுதிவைப்பார். காரணம் எழுதப்படாவிட்டால், அடுத்த ஆண்டு வரும் ஆர்வலர் ஒருவர் அந்த நிபந்தனையை யாரோ மறந்துவிட்ட வேலை என்று எண்ணி எடுத்துவிடுவார். நிரலைப் படித்தால் என்ன நடக்கிறது என்பது விளங்கும். நடக்காமல் விட்டதற்கான காரணம் அதில் எங்கே இருக்கிறது?

ஹாஸ்கெல் மொழிக்கான ஜிஎச்சி கம்பைலரில் இதற்கு ஓர் அழகான மரபு இருக்கிறது. நிரல் கோப்புக்குள்ளேயே, தலைப்பிட்ட நீண்ட குறிப்பாகக் காரணத்தை எழுதுகிறார்கள். அந்த முடிவு பயன்படுகிற ஒவ்வோர் இடத்திலும் 'இன்ன குறிப்பைப் பார்க்க' என்று ஒரே வரி. விளக்கம் ஓரிடத்தில், சுட்டல் பல இடங்களில். தலைப்பைத் தேடினால் தொடர்புடைய எல்லா இடங்களும் அகப்படும். தங்கள் பேரேட்டின் பக்க எண் சுட்டும் முறைக்கு இது தூரத்து உறவு என்றே சொல்வேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய திறமூலக் கம்பைலரை நடத்திவருகிறோம். உருவாக்குவோர் ஆவணத்தைத் தனி விக்கியில் வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டோம். இரண்டு ஆண்டுகளாக யாரும் திருத்தவில்லை. பாதிப் பக்கங்கள் இன்றைய நிரலுக்குப் பொருந்தவில்லை. என்ன செய்வது?
– வாசகர், புதுவயல்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நடுவே உள்ள முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை. அறை பூட்டும் சாவியுமாகப் பளபளக்கும். வளவு எல்லோருக்கும் பொது, ஆகவே ஓடு உடைந்து மழை ஒழுகினாலும் கூடிப் பேசி முடிக்க ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் விக்கி அந்த வளவு. 'யார் வேண்டுமானாலும்' என்று எழுதும்போது எவர் பெயரும் அதில் இல்லாமல் போகிறது.

முதல் வேலை, ஆவணத்தை விக்கியிலிருந்து எடுத்து நிரல் இருக்கும் ரெப்போவுக்குள் கொண்டுவருவது. எல்எல்விஎம் தன் ஆவணங்களை 'டாக்ஸ்' அடைவில் வைத்து ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி கொண்டு உருவாக்குகிறது. ஜிசிசி என்ற இன்னொரு திறமூலக் கம்பைலர் தன்னுடையவற்றை டெக்ஸின்ஃபோ என்ற ஆவண வடிவில் மூல நிரலோடு வைத்திருக்கிறது. கருவி எதுவானாலும் பயன் ஒன்றுதான்: நிரலை மாற்றும் அதே பேட்சில் (திருத்தத் தொகுப்பில்) ஆவணமும் மாறலாம், ரிவ்யூ செய்பவர் இரண்டையும் ஒருங்கே பார்க்கலாம், ஆவணம் மாறாத பேட்சைத் திருப்பி அனுப்பலாம். இந்தத் திருப்பி அனுப்பும் துணிவு இல்லாவிட்டால் இடம் மாற்றியும் பயனில்லை. ஆறு பேர் மட்டுமே உள்ள குழுவில் அது கொஞ்சம் மனத்தாங்கலை உண்டாக்கும், உண்டாகட்டும்.

அடுத்து, இயந்திரம் சரிபார்க்கக்கூடியதை மனிதரிடம் விடாதீர்கள். ரஸ்ட் என்ற கணினி மொழிக்கான கம்பைலரின் பிழை விளக்கப் பக்கங்களில், 'இந்த நிரலுக்கு இன்ன எண்ணுள்ள பிழை வரும்' என்று காட்டும் எடுத்துக்காட்டுகள் சோதனைகளாகவே ஓடுகின்றன. அந்தப் பிழை வராமல் நிரல் தொகுக்கப்பட்டுவிட்டாலோ, வேறு எண் வந்தாலோ, சோதனை தோல்வியடையும். எல்எல்விஎம்மைக் கொண்டு இயங்கும் சி, சி++ கம்பைலரான கிளாங்கில், நிரலில் கம்பைலருக்குக் குறிப்புத் தரும் புதிய பண்பு ஒன்றைச் சேர்ப்பவர் அதன் வரையறையோடு விளக்கத்தையும் இணைத்துத் தருகிறார். பயனர் பார்க்கும் பண்புப் பட்டியல் அதிலிருந்து தானாக உருவாகிறது. உங்கள் கம்பைலரின் கட்டளைவரித் தெரிவுகள், பிழைச் செய்திகள், இடைநிலை மொழியின் கட்டளைகள் ஆகிய மூன்றையும் இப்படித் தானாக உருவாகும்படி செய்துவிட்டாலே பழுதில் பெரும்பகுதி குறையும்.

இயந்திரத்தால் பார்க்க முடியாதது எஞ்சும்: கம்பைலரின் முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒரு நிரல் எப்படிப் பயணம் செய்கிறது என்ற பொது விளக்கம், ஒரு முடிவின் காரணம், 'தற்போது இப்படி இருக்கிறது' போன்ற வாக்கியங்கள். இந்தத் 'தற்போது' மிகவும் பொல்லாத சொல். ரஸ்ட் கம்பைலரை உருவாக்குவோருக்கான கையேட்டில், காலத்தோடு பழசாகக்கூடிய வாக்கியத்தின் அருகே, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத குறியோடு மாதமும் ஆண்டும் எழுதிவைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தேதிகளைத் திரட்டி, மாதந்தோறும் ஒரு பட்டியலை ஒரு கருவி முன்வைக்கிறது. அந்த வாக்கியத்தை ஒருவர் படித்துப் பார்த்து, சரியென்றால் தேதியைப் புதுப்பிப்பார், தவறென்றால் திருத்துவார். இரண்டு மணி நேரத்தில் எழுதிவிடக்கூடிய சிறு கருவிதான் இது. உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதுவே. பொது விளக்கம் எழுதும்போது கோப்புப் பெயர்களையும் வரி எண்களையும் கூடுமானவரை தவிர்த்து, கட்டங்களின் வரிசையையும் ஒவ்வொரு கட்டத்தின் பொறுப்பையும் எழுதுங்கள். பெயர்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறும். வரிசை அவ்வளவு எளிதில் மாறாது.

கம்பைலரை உருவாக்கிப் பார்ப்பதற்கான தொடக்க வழிகாட்டியை மட்டும் பழையவர்களிடம் விடாதீர்கள். நான் முன்பு பங்கேற்ற ஒரு திட்டத்தில், அந்தப் பக்கத்தில் ஒரு தெரிவின் பெயர் ஓராண்டு தவறாகவே இருந்தது. புதிதாக வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். நாங்களும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக வாய்மொழியாகவே பதில் சொன்னோம், நான் உட்பட. ஒருவருக்கும் பக்கத்தைத் திருத்தத் தோன்றவில்லை, ஏனென்றால் எங்களில் எவரும் அதைப் படிப்பதில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த அன்றே கடையின் இருப்பை எண்ணச் சொல்வது போல, புதியவரின் முதல் பேட்ச் அந்தப் பக்கத்தின் மீதே இருக்கட்டும்.

பொருந்தாத பாதிப் பக்கங்களைப் பொறுத்தவரை, அழித்துவிடுங்கள். நிரலின் பழைய நிலைகளைக் காக்கும் கருவியான கிட் பழையதை வைத்திருக்கும்.

கேள்வி: எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினிதான் இருக்கிறது, ஆங்கிலமும் சரளமில்லை. பெரிய கம்பைலர் திட்டத்தின் ஆவணத்தில் எதையாவது திருத்த முடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: தாராளமாக. எல்எல்விஎம்மை முழுதாக உருவாக்க, குறிப்பாகப் பிழைதேடும் தகவல்களோடு உருவாக்க, நினைவகமும் வட்டு இடமும் ஏராளமாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதன் ஆவணத்தை மட்டும் உருவாக்க ஸ்ஃபிங்க்ஸைச் செயல்படுத்தும் தெரிவைச் சிமேக் என்ற கட்டமைப்புக் கருவியில் கொடுத்து, ஆவணத்துக்குரிய இலக்கை மட்டும் இயக்கினால் போதும். ரஸ்ட் கையேட்டுக்கு 'எம்டிபுக்' என்ற சிறு கருவியும் அதன் துணைக் கருவிகள் சிலவுமே போதுமானவை. வேலை செய்யாத இணைப்பு, பெயர் மாறிய தெரிவு, இயங்காத எடுத்துக்காட்டு ஆகியவற்றைத் திருத்தச் சரளமான ஆங்கிலம் வேண்டாம். என்ன மாற்றினீர்கள், எந்தப் பதிப்பில் சரிபார்த்தீர்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதத் தெரிந்தால் போதும்.

கேள்வி: இந்த ஆவணங்களை மாணவர்களுக்காகத் தமிழாக்கம் செய்யலாமா?
– கணினி ஆசிரியை, கோட்டையூர்

பதில்: செய்யலாம், எதை என்பதில் கவனம் வேண்டும். மொழியின் விதிகளைச் சொல்லும் பார்வை நூலைத் தொடாதீர்கள். அது அடிக்கடி மாறும், ஒரு சொல் பிசகினாலும் பொருள் கெடும். பொது விளக்கங்களையும் தொடக்கப் பாடங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்திகளை மூலத்தில் உள்ளபடியே விட்டு, கீழே தமிழில் விளக்குங்கள். மாணவர் திரையில் காண்பதும் தேடப்போவதும் மூலச் சொற்களைத்தான். திட்டத்தின் உரிமத்தைப் படித்துவிடுங்கள். ஜிசிசி கையேடுகள் ஜிஎன்யு கட்டற்ற ஆவண உரிமத்தின்கீழ் வருபவை, அதில் மொழிபெயர்ப்புக்கென்றே நிபந்தனைகள் உள்ளன. மேலும், ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் தலையிலும் நீங்கள் எந்தக் கமிட்டிலிருந்து (கிட்டில் பதிந்த நிலையிலிருந்து) மொழிபெயர்த்தீர்கள் என்று எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்து அந்தக் கமிட்டுக்கும் அன்றைய நிலைக்கும் இடையே மூலப் பக்கத்தில் என்ன மாறியது என்று கிட்டிடம் கேட்டால், மறுபடி மொழிபெயர்க்க வேண்டிய பத்திகளை மட்டும் அது காட்டிவிடும்.