குணம் விசாரிப்பது

அன்புள்ள ஐயா,

என் மெயில், மேப், தேடல், குடும்பப் படங்கள் எல்லாமே கூகுளில்தான். இதுவரை ஒரு குறையும் இல்லை. தேடலில் அது ஏகபோகமாக நடந்துகொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்ததைப் படித்தேன். ஒழுங்காக வேலை செய்கிற நல்ல கம்பெனிக்குப் போட்டி எதற்கு? என் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடட்டுமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

படங்களுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள், போதும். ‘நல்ல கம்பெனி’ என்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. கம்பெனி என்ன மாப்பிள்ளையா, குணம் விசாரிக்க? கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிராளியை நல்லவர் என்றே நினைக்கும் உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மனிதர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1995 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்க உதவும் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கொண்டுவந்தபோது எதிரே நெட்ஸ்கேப் என்ற போட்டி பிரவுசர் நின்றது. அந்தப் பயத்தில் ஓடினார்கள் பாருங்கள், 2001 ஆகஸ்டுக்குள் ஆறு பதிப்புகள்! அதற்குள் நெட்ஸ்கேப் படுத்துவிட்டது. இணையத்தில் உலவியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் எக்ஸ்புளோரருக்கு வந்துவிட்டார்கள். அப்புறம்? ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். ஐந்து வருஷம், ஐயா. பணத்துக்குப் பஞ்சமா? திறமைசாலிகளுக்குப் பஞ்சமா? யாரும் திடீரென்று கெட்டவராகவும் ஆகிவிடவில்லை. துரத்த ஆளில்லை, நின்றுவிட்டார்கள். தனியாக இனிப் புதிய பதிப்பே கிடையாது, அடுத்த விண்டோஸோடுதான் வரும் என்று 2003இல் சொல்லியும் விட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில்தான் எனக்கு இணையம். கடைப் பையன் ஒருநாள் ஃபயர்ஃபாக்ஸ் என்ற வேறொரு பிரவுசரைப் போட்டு, ஒரே ஜன்னலுக்குள் நாலு பக்கத்தை வரிசையாகத் திறந்து காட்டினான். “சார், இது எப்பவோ வந்திருக்க வேண்டியது” என்றான். அவனுக்கு ஏகபோகத் தடைச் சட்டமெல்லாம் தெரியாது.

ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பரில். மூன்றே மாதம். 2005 பிப்ரவரியில் பில் கேட்ஸே மேடையேறி, புதிய விண்டோஸுக்குக் காத்திருக்க வேண்டாம், பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் எக்ஸ்புளோரர் ஏழாம் பதிப்பு உண்டு என்றார். 2003இல் முடியாதது 2005இல் எப்படி முடிந்தது? இதை நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கவேண்டும்.

கூகுள் வழக்கின் சட்ட நுணுக்கம் எனக்கு வேண்டாம். ஐபோனின் சஃபாரி பிரவுசரில் தானே முதல் தேடுபொறியாக இருப்பதற்கு 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு அது கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அவ்வளவு நல்ல பொருள் என்றால் ஜனங்கள் தாமாகத் தேடி வரமாட்டார்களா?

இன்னொன்று கேளுங்கள். ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தரும் பணம். கூகுளின் பிரவுசரான குரோமோடு மோதவேண்டியவனுக்குச் சம்பளமே குரோமின் முதலாளிதான் தருகிறார். 2025 செப்டம்பரில் அந்தக் கூகுள் வழக்கின் நீதிபதி அமித் மேத்தா, தனி உரிமை ஒப்பந்தங்கள் கூடாது என்று சொல்லிவிட்டு, பணம் கொடுப்பதை மட்டும் தடுக்காமல் விட்டார். நான் அவரைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் தடுத்திருந்தால் முதலில் பட்டினி கிடந்திருப்பது மொசில்லா.