தோற்றவர் மாவட்ட மன்றத்துக்குப் போவது இழிவா?

மதிப்பிற்குரிய ஐயா,

பிரான்சின் முன்னாள் அதிபர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். உச்சப் பதவியில் இருந்தவர், அதிபர் தேர்தலில் தோற்ற மறு ஆண்டே மாவட்ட மன்றத் தேர்தலில் நின்றது எனக்கு இழிவாகத் தோன்றுகிறது. பதவி ஆசைதானே காரணம்? மத்திய ஆப்பிரிக்க ஆட்சியாளர் பொக்காசா அவருக்குப் பரிசளித்த வைரங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை? 2005-இல் ஐரோப்பிய அரசியல் சாசனம் தோற்றதற்கும் அவரே பொறுப்பு அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெடுநாளாக நான் அசைபோட்டுக்கொண்டிருக்கும் விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். வைரங்களைப் பற்றி வேண்டிய அளவுக்குப் பலரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுவோம். பதவி ஆசை இருந்திருக்கும். அது அறவே இல்லாதவர் எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை.

1981 மே 19 அன்று தொலைக்காட்சியில் விடைபெறும் உரையை முடித்ததும் அவர் எழுந்து, முதுகைக் காட்டி நடந்து வெளியேறினார். வெற்று நாற்காலி திரையில் இருக்க, தேசிய கீதம் ஒலித்தது. அப்படிப் போனவர், முன்பு தாம் மேயராக இருந்த ஷமாலியேரில் 1982 மார்ச்சில் வாக்குக் கேட்டு, புய்-தெ-தோம் மாவட்ட மன்ற உறுப்பினரானார். இதை நீங்கள் வீழ்ச்சி என்கிறீர்கள். அவர் வாழ்க்கையிலேயே துணிவான காரியம் இதுதான் என்கிறேன் நான்.

மேலே ஏறுவது மட்டுமே அரசியல் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவரைத் தோற்கடித்த மித்தெரானின் அரசு 1982-இல் கொண்டுவந்த அதிகாரப் பரவல் சட்டம்தான், அதுவரை மத்திய அரசின் ஆட்சியர் கையில் இருந்த நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத் தலைவர்களிடம் ஒப்படைத்தது. 1986-இல் மக்கள் முதன்முறையாக நேரடியாகத் தேர்ந்தெடுத்த, புய்-தெ-தோம் மாவட்டத்தை உள்ளடக்கிய ஓவெர்ஞ் பிராந்திய மன்றத்துக்கு ஜிஸ்கார் தலைவரானார். மேல்நிலைப் பள்ளிகளைக் கட்டுவதும் பராமரிப்பதும் அந்த மன்றங்களின் பொறுப்பு. ஒரு பிள்ளை மழையில் நனையாமல் உட்கார்ந்து படிக்கக் கூரை போடுவதைச் சின்ன வேலை என்று எண்ணுகிறவர் பெரிய வேலைக்கும் தகுதியற்றவர். இதை நீங்கள் கோபமில்லாமல் யோசிக்க வேண்டும். சூழலியலாளர்களின் எதிர்ப்பைத் தாண்டி அவர் எழுப்பிய வுல்கானியா பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைகளை விளக்கும் அந்த வளாகத்தின் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே தெரியும் கூம்புக்கு வெளிப்புறம் கரிய எரிமலைக் கல், உட்புறம் பொன்னிறத் தகடு. தம் மண்ணின் மீது பற்றில்லாதவர் இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்க மாட்டார்.

பிராந்திய மன்றத் தலைவர் பதவியில் இருந்தபடியேதான் அவர் 1989 முதல் 1993 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இருந்தார். 2002-இல் தொடங்கிய ஐரோப்பாவின் எதிர்காலத்துக்கான மாநாட்டுக்கும் தலைமை ஏற்றார். அங்கே உருவான ஐரோப்பிய அரசியல் சாசன வரைவு, அரசுகள் திருத்திக் கையெழுத்திட்டபோது 448 பிரிவுகளாக இருந்தது. 2005 மே 29 அன்று பிரெஞ்சு வாக்காளர்களில் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் அதை நிராகரித்தார்கள். பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு. வாக்கெடுப்புக்கு விட்ட அன்றைய அதிபர் சிராக்குக்கு அதைவிடப் பெரிய பங்குண்டு. அதற்கு ஓராண்டு முன்பே, 2004-இல், ஓவெர்ஞ் மக்கள் பதினெட்டு ஆண்டுத் தலைவரான அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 78 வயதில், நேற்றுவரை தம்மை வணங்கியவர்களிடமே வாக்குக் கேட்டு அவர் தோற்றார். நீங்கள் கேலி செய்ய விரும்பும் அந்த மனிதரின் மேல் எனக்கு மதிப்பு கூடியது அந்தத் தோல்வியால்தான். மித்தெரான் அரசின் அந்தச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்; சண்டை போடுவதென்றாலும் சரி, காத்திருப்பேன்.