பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா? ஆங்கிலக் கருத்தறிதல் கேள்வி பதில்

கருத்தறிதல் என்றால் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை பதில் சொல்கிறார்.

உட்லண்ட்ஸ், ஓர் அம்மா: மகன் தொடக்கநிலை 4. துணைப்பாட நிலையத்தில் ஒரு சோதனை வைத்து, "கண்ணால் பார்த்துக் கற்பவன், அதற்கென்று தனி வகுப்பு இருக்கிறது" என்கிறார்கள். சேர்க்கலாமா டீச்சர்?

வேண்டாம் அம்மா. பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்காகப் பிரிக்கும் முறையைப் பரப்பியவர் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங். பிள்ளைக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கலாம். ஆனால் அந்த வழியிலேயே கற்பித்தால் கூடுதலாகப் புரியும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. 2008-இல் ஹரல்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் இருந்த ஆய்வுகளை அலசி இதைத்தான் சொன்னார்கள்.

அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, வீட்டில் இதைச் செய்யுங்கள். அவன் தடுமாறிய பத்தியை யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். கேட்டவுடன் புரிகிறதா? அப்படியானால் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்தான் சிக்கல். கேட்டும் புரியவில்லையா? சொல் தெரியவில்லை, அல்லது சொல்லப்படும் விஷயமே புதிது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே காட்டினார்கள்: எழுத்துக் கூட்டி வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழி புரிவது மறுபக்கம். ஒன்று பூஜ்யமானால் விடையான கருத்தறிதலும் பூஜ்யம். எது குறைகிறது என்று பார்க்காமல் பயிற்சித்தாளை அடுக்கினால் பிள்ளை களைத்துத்தான் போவான். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

தெம்பனிஸ், ஓர் அப்பா: இரட்டைப் பிள்ளைகள். மகள் கதைப் புத்தகமும் கையுமாக இருக்கிறாள், மகன் தொடுவதே இல்லை. பையன்கள் அப்படித்தானா?

சராசரியில் பெண்பிள்ளைகள் முந்துவது உண்மை. பல நாட்டு மாணவர்கள் எழுதும் பீசா (PISA) தேர்வின் 2018 வாசிப்புப் பகுதியில், ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார அமைப்பின் நாடுகளில் சுமார் 30 புள்ளி வித்தியாசம். ஆனால் சராசரியை வைத்து உங்கள் மகனை எடை போடாதீர்கள். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவர் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மகனுக்குக் காற்பந்து பிடிக்குமா? நூலகத்தில் காற்பந்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். கதைதான் படிக்கவேண்டும் என்று யார் சொன்னது?

துவாஸ், கப்பல் பட்டறை ஊழியர்: ஆங்கிலச் செய்தித்தாள் எடுத்தால் வரிக்கு நாலு சொல் தெரியவில்லை டீச்சர்.

அது இப்போதைக்கு உங்களுக்குக் கனம் தம்பி. 100 சொல்லில் 98 தெரிந்தால்தான் துணையில்லாமல் நன்றாகப் புரியும். வேலையிடப் பாதுகாப்பு அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள், விஷயம் உங்களுக்கு அத்துப்படி.

ஈசூன், ஒரு பாட்டி: பேத்தியிடம் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெடும் என்கிறார்களே?

கெடாது அம்மா. கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், வெள்ளம் வந்த கதையைத் தமிழில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஆங்கிலப் பத்தியில் வெள்ளம் வரும்போது சொல் மட்டும்தான் புதிது. நீங்கள் பேசுங்கள்.