அட்டெண்டன்ஸ் 71 சதவீதம்: வாலிபாலை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: என் மகன் ஈரோடு பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாமாண்டு படிக்கிறான். கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறான். இதுவரை ஐந்து நாள் போட்டிக்குப் போயிருக்கிறான். பாதி செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் 71 சதவீதம் என்று எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த மாதம் இன்னொரு போட்டி, ஒரு வாரம். விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எந்தெந்தப் பீரியடில் மகன் இல்லை என்ற பட்டியலை முதலில் கிளாஸ் அட்வைசரிடம் கேட்டு வாங்குங்கள்.

2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டர் என்பது சுமார் 75 வேலை நாள், 540 பீரியட். எல்லாப் பாடங்களையும் சேர்த்து 75 சதவீதம் வேண்டும். அதாவது 135 பீரியட் வரை விடலாம். பாதி செமஸ்டரில், 270 பீரியடில், 71 சதவீதம் என்றால் உங்கள் மகன் 78 பீரியட் விட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு ஏழு பீரியட் என்று வைத்தால் ஐந்து நாள் போட்டிக்கு 35. மீதி 43 எங்கே போனது? நான் பார்த்தவரை பெரும்பாலும் பிராக்டிஸுக்குத்தான். கடைசிப் பீரியடில் நைசாக எழுந்து கிரவுண்டுக்குப் போவது. தினமும் ஒன்று என்றாலே செமஸ்டருக்கு 75 ஆகிவிடும்!

சரி, இன்னும் 57 கையில் இருக்கிறது. அடுத்த போட்டிக்குப் பயணத்தோடு ஏழு வேலை நாள் போனாலும் 49தான். பிராக்டிஸை வகுப்பு முடிந்த பிறகோ விடியற்காலையிலோ வைத்துக்கொண்டால் 75 சதவீதத்துக்குக் குறையாமல் சமாளிக்கலாம். இதைப் பி.டி. சாரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். மாணவர் சொன்னால் எடுபடாது.

ஒருவேளை குறைந்தாலும், 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழைக் கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு கொடுத்தால் தேர்வு எழுத அனுமதி கிடைக்கும். பிராக்டிஸுக்கு யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள், சிக்கலே அங்கேதான். 65க்குக் கீழே போனால் சான்றிதழும் காப்பாற்றாது. அந்த செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் முழுநேர ரெகுலர் மாணவர்கள்தான் ஆட முடியும். படிப்பு நடுவில் நின்றால் ஆட்டமும் போச்சு.

ஓ.டி. லெட்டர் (கல்லூரி சார்பில் போட்டிக்குப் போனதற்கான ஆன் டியூட்டி கடிதம்) கொடுத்தாகிவிட்டது என்று பையன் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அதை ஹாஜராகப் போட்டார்களா என்று பதிவேட்டில் பார்த்த பிறகே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி கொஞ்சம் மாறும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டெண்டன்ஸைவிட எனக்குக் கவலை இன்டர்னல் மார்க்தான், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண். தியரி பாடத்தில் 100க்கு 40, லேப் பாடத்தில் 60 இன்டர்னலில் இருந்து வருகிறது. லேப் பெரும்பாலும் மதியம் இருக்கும். சாயங்காலப் பிராக்டிஸ் முதலில் அதைத்தான் தின்னும். அடுத்த மாதப் போட்டித் தேதி தெரிந்த உடனேயே இன்டர்னல் டெஸ்ட் அட்டவணையோடு ஒப்பிட்டு, மோதும் பாடங்களுக்கு மாற்றுத் தேதி கேட்டு எச்.ஓ.டி.க்குக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் கொடுக்க வேண்டும். விட்டுப்போன லேப் பயிற்சிகளையும் எந்த நாளில் செய்வது என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.